காரத் தக்காளியை உருவாக்க முனைவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிர் உயிரித் தொழில்நுட்ப ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். தக்காளியில் மிளகாயின் காரத்தை வரவழைக்கலாம் என்று 2019-இல் பிரேசில் ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் முன்வைத்த யோசனையை நான் எதிர்க்கவில்லை. காரத்துக்குரிய மரபணுக்களின் ஒத்த வடிவங்கள் தக்காளியிலும் உண்டு. அவை வேண்டியபடி இயங்குவதில்லை, அவ்வளவே. ஆய்வகத்தில் மரபணு மாற்றத்துக்கு மிளகாய் எவ்வளவு முரண்டு பிடிக்கும், தக்காளி எவ்வளவு இணங்கி வரும் என்பதை நீங்கள் நன்கறிவீர்கள். தோலில் ஒட்டும் வலிநிவாரண ஒட்டுகளுக்கான கேப்சைசினை, அதாவது மிளகாய்க்குக் காரம் தரும் வேதிப்பொருளை, தக்காளியிலிருந்து பெறுவது நியாயமான நோக்கமே.

ஆனால் அந்தப் பழம் சாதாரணத் தக்காளியின் தோற்றத்தில் வெளிவரக் கூடாது என்பதே என் கோரிக்கை. காரம் என்பது சுவையன்று. அமெரிக்க அறிவியலாளர் டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997-இல் அடையாளம் கண்ட டிஆர்பிவி1 (TRPV1) என்னும் ஏற்பி, அதாவது நரம்பு உயிரணுக்களில் உள்ள உணர்வுப் புரதம், ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டை உணர்த்துவது. கேப்சைசின் அதையே தூண்டுவதால்தான் சூடில்லாமலே வாய் எரிகிறது, கண்ணில் பட்டால் கண்ணும் எரிகிறது. மிளகாய் நறுக்கிய கையோடு யாரும் கண்ணைக் கசக்குவதில்லை. தக்காளி நறுக்குபவருக்கு அந்த எச்சரிக்கை எங்கிருந்து வரும்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மிளகாயை நீளவாக்கில் பிளந்தால், விதைகள் ஒட்டியிருக்கும் வெளிர்நிறச் சூல் ஒட்டுத்திசுவில்தான் காரம் உருவாகிறது; விதைகளுக்கு அது ஒட்டிக்கொண்டு வருவதுதான். அதனால் அந்தத் திசுவைச் சுரண்டி எறிந்து காரத்தைக் குறைக்க முடிகிறது. தக்காளியிலோ அதே திசு விதைகளைச் சூழ்ந்த கூழாகிவிடுவதால், அங்கே காரத்தை வைத்தால் பிரித்தெடுக்க வழியே இராது. எந்தத் திசுவில் வைக்கிறீர்கள் என்பதை முன்கூட்டியே அறிவியுங்கள். காரத்துக்கான மரபணுவைச் சேர்க்கும்போது, ஊதா நிறத்துக்கான மரபணுவையும் அதன் அருகிலேயே பிணைத்துவிட்டால், பின்னால் நடக்கும் கலப்புகளில் அவை எளிதில் பிரியமாட்டா, நிறமே எச்சரிக்கையாகும்.

அளவையும் தெளிவாகச் சொல்லுங்கள். 1912-இல் அமெரிக்க மருந்தாளர் வில்பர் ஸ்கோவில் காரத்தை அளக்க வகுத்த முறை, மிளகாய்க் கரைசலில் சர்க்கரை நீரைக் கலந்துகொண்டே போய், காரம் தெரியாமல் போகும்வரை நாக்கால் சோதிப்பது. மிகக் காரமான மிளகாய் எது என்று பார்க்கும் சாதனைப் பட்டியல்காரர்களுக்கு அவர் பெயரிலான ஸ்கோவில் அலகு இனிக்கலாம். உங்களுக்கோ, கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் குரோமட்டோகிராபி இருக்கிறது. நீர்ப் பற்றாக்குறை போன்ற சூழல் மாற்றங்களால் காரம் மாறக்கூடியது என்பதால், உச்ச அளவை மட்டும் சொல்லாமல், ஒரு கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் முதல் எத்தனை மில்லிகிராம் வரை என்ற வீச்சை, வயல் சோதனைக்கு அனுமதி கேட்கும் விண்ணப்பத்திலேயே குறிப்பிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உணவு வேதியியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்