லீட்ஸிலிருந்து தம்பிக்கு: குட்டியை ஷோவுக்குப் பழக்குவது பற்றி

லீட்ஸ்,
அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நாங்கள் நலம். அப்பாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? மாத்திரையை அம்மை ஒழுங்காகப் போடுகிறாளா?

சிப்பிப்பாறை நாய்க்குட்டி வாங்கியிருக்கிறாய் என்று போனில் சொன்னபோது நான் வார்டில் நின்றுகொண்டிருந்தேன், சந்தோஷத்தைக்கூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. அதை டாக் ஷோவில் நிறுத்த வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவாய். எழுதினால் எடுத்து வைத்துத் திரும்பப் பார்க்கலாம்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பாய். நம் ஊரில் இடவப்பாதி வந்தால் மழை, துலாம் பிறந்தால் மழை என்று ஒரு கணக்கு உண்டு. இங்கே மழைக்கு மாதமே கிடையாது. டிசம்பரில் நாலு மணிக்கு இருட்டிவிடும். டியூட்டி முடிந்து வந்தால் தெருவில் ஒரு முகத்தைப் பார்க்க முடியாது. வந்த புதிதில் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் மாதக்கணக்கில் கழிந்தது. கடைசியில் பேச்சு தொடங்கியது அந்த வீட்டுத் தாத்தாவின் நாய்களால்தான். அவர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். விப்பெட் என்கிற இனம் வளர்க்கிறார். முதன்முதலாக வேலிக்கு அப்பால் அவற்றைப் பார்த்தபோது, நம் தெற்கத்தி நாய் இங்கே எப்படி வந்தது என்று நினைத்து நின்றுவிட்டேன். அதே ஒட்டிய வயிறு, இறங்கிய நெஞ்சு, நீண்ட முகம், கண்ணால் பார்த்து விரட்டுகிற வேட்டை நாய். உயரம்தான் குறைவு, ஆண் நாய்க்கே அரை மீட்டர்தான் வரும். இங்கே வடக்கு இங்கிலாந்தில் சுரங்கத் தொழிலாளிகளும் மில் தொழிலாளிகளும் முயல் பிடிக்கவும், ஞாயிற்றுக்கிழமை ஓட்டப் பந்தயம் விடவும் வளர்த்த இனம் இது. ஏழையின் பந்தயக் குதிரை என்று பேர். கரிசல் காட்டில் சம்சாரிகள் சிப்பிப்பாறையை வளர்த்த கதையை நான் அவருக்குச் சொன்னேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு.

எங்கள் குட்டி முல்லையை வாங்க வழிகாட்டியதும் அவர்தான். இங்கிலாந்தில் 2020 முதல் ஆறு மாதத்துக்குக் குறைந்த நாய்க்குட்டியைக் கடையிலோ தரகர் மூலமாகவோ விற்கக் கூடாது. வளர்ப்பவர் வீட்டுக்கே போய், தாயோடு சேர்த்துக் குட்டியைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். குட்டிக்கு எட்டு வாரம் ஆவதற்குள் தோலுக்கடியில் மைக்ரோசிப் என்கிற அடையாளச் சில்லு போட்டிருக்க வேண்டும் என்பது 2016 முதல் சட்டம். தாய் முகம் கொடுத்து வாலாட்டிக்கொண்டு வருகிறதா, மூலையில் போய் ஒடுங்குகிறதா என்று பார், குட்டியின் குணம் பாதி அதிலேயே தெரியும் என்றார் தாத்தா. நீ வாங்கின இடத்தில் தாயைப் பார்த்தாயா? பார்க்கவில்லை என்றால் இனியாவது ஒரு நடை போய்ப் பார்த்து வா.

இப்போது முக்கியமான விஷயம். ஷோ என்றால் நாயை அலங்காரம் பண்ணிக் கொண்டுபோய் நிறுத்துவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அங்கே குட்டிக்கு மூன்று வேலைதான்: அசையாமல் நிற்க வேண்டும், முன்பின் தெரியாத ஒருவர் உடம்பெல்லாம் தொட்டுப் பார்க்க விட வேண்டும், கயிற்றைத் தளர்த்திப் பிடித்தபடி நாம் கூட்டிப்போகும்போது சீராக ஓட வேண்டும். சொல்லும்போது எளிது. இந்த மூன்றையும் குட்டி பயப்படாமல், சந்தோஷமாகச் செய்ய வேண்டும் என்பதில்தான் மொத்த உழைப்பும் இருக்கிறது. அதற்காகவே இங்கே ஊருக்கு ஊர் ரிங்கிராஃப்ட் என்று வாரம் ஒரு மாலை வகுப்பு நடக்கும். பெரும்பாலும் ஊர்ப் பொது மண்டபத்தில் ரப்பர் பாய் விரித்து நடத்துவார்கள். தடுப்பூசி முடிந்த குட்டிகளை அங்கே கொண்டுபோனால், ஆளுக்கு ஆள் மாறி மாறித் தொட்டுப் பழக்குவார்கள். பல வருஷம் ஷோவில் நின்றவர்கள் பக்கத்தில் நின்று, கயிறு இறுகியிருக்கிறது, கொஞ்சம் விடு, குட்டி தன் தலையைத் தானே தூக்கட்டும் என்று சொல்லித்தருவார்கள். முல்லை முதலில் என் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள். யாரும் அவளை இழுக்கவில்லை. ஒரு அம்மா தரையில் உட்கார்ந்து, அவள் பக்கம் பார்க்காமலே ஈரல் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இருந்தார். முல்லை மெல்ல வந்து மோந்து, தின்று, அப்புறம் அந்தம்மாவின் மடியில் முன்கால் வைத்தாள். அன்றைக்கு அவ்வளவுதான் பாடம். வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

உனக்கு அங்கே அப்படி வகுப்பு இல்லை என்று கவலைப்படாதே, வீட்டிலேயே செய்யலாம். கிணற்றடியில் அம்மை துணி துவைக்கிற கல் இருக்கிறதே, அதன் மேல் நனையாத சாக்கை நன்றாக விரித்துக் குட்டியை நிறுத்து. சின்ன, நடுத்தர நாய்களை நடுவர் மேஜை மேல் வைத்துத்தான் பார்ப்பார், விப்பெட்டுக்கு இங்கே அப்படித்தான். உன் சிப்பிப்பாறை வளர்ந்தபின் தரையில்தான் நிற்கும். ஆனாலும் உயரத்தில் நின்று பழகிய குட்டிக்கு டாக்டர் மேஜையும் பயமாக இருக்காது. முன்கால் இரண்டும் தோளுக்கு நேர் கீழே இருக்கட்டும், பின்காலைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வை. ஒரு கையில் தாடையைத் தாங்கு, மறு கையால் முதுகைத் தடவு. ஒரு நிமிஷம் நின்றால் போதும், வேகவைத்த கோழி ஈரலில் ஒரு துண்டு கொடுத்து இறக்கிவிடு. அது அலுத்துப்போவதற்கு முன்னால் நீ நிறுத்திவிட வேண்டும், இதை மட்டும் மறக்காதே. குட்டி இன்னும் வேண்டும் என்று கேட்கிற இடத்தில் பாடம் முடிந்தால் நாளைக்குத் தானே ஓடிவந்து கல்லடியில் நிற்கும்.

பிறகு வாயைப் பார்க்கப் பழக்கு. உதட்டை இரண்டு பக்கமும் தூக்கி, மேல் முன்பல் கீழ்ப்பல்லை ஒட்டி வெளியே இறங்கியிருக்கிறதா என்று நடுவர் பார்ப்பார். இங்கே ஒரு ஜாக்கிரதை வேண்டும். நாலு மாதத்தில் பால்பல் விழத் தொடங்கும். இருபத்தெட்டும் விழுந்து நாற்பத்திரண்டு பல் முளைத்து முடிய ஆறு, ஏழு மாதம் ஆகிவிடும். அந்தச் சமயத்தில் ஈறு வலிக்கும். அப்போது யாராவது முரட்டுத்தனமாக வாயைத் திறந்தால், தொட்டாலே வலிக்கும் என்று குட்டி மனதில் எழுதி வைத்துக்கொள்ளும், ஷோவில் தலையைத் திருப்பும். அந்த மாதங்களில் உதட்டை லேசாகத் தூக்கிப் பார்த்து விட்டுவிடு. காது, பாதம், வால், அடிவயிறு எல்லாம் தினமும் தொட்டுப் பழகட்டும். ஆண் குட்டிக்கு விதை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்றும் நடுவர் தொட்டுப் பார்ப்பார், அதற்கும் அது கூச்சப்படக் கூடாது. வீட்டு ஆட்கள் தொட்டால் மட்டும் போதாது. பால்காரர், ரப்பர் வெட்ட வருகிறவர், டியூஷனுக்கு வருகிற பிள்ளைகள் என்று விதவிதமான ஆட்களைத் தொடச் சொல்.

தடுப்பூசி முழுதாக முடியும் வரை தெருமண்ணில் விடாதே. பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்தால் குட்டி இரண்டே நாளில் சுருண்டுவிடும். நர்ஸாகச் சொல்கிறேன், இதில் விளையாட வேண்டாம். ஆனால் அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டியும் வைக்காதே. மூன்று வாரம் முதல் மூன்று மாதம் வரை கண்டதும் கேட்டதும்தான் நாய்க்கு ஆயுள் முழுதும் பயமில்லாத விஷயம். கையில் தூக்கிக்கொண்டு தக்கலை பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய் நில், லாரி ஹாரன் கேட்கட்டும். மார்த்தாண்டம் சந்தையின் இரைச்சலைத் தூரத்தில் நின்று பார்க்கட்டும். மண்டைக்காட்டுக் கொடை வரும்போது வெடிக்கட்டுக்குப் பக்கத்தில் மட்டும் கொண்டுபோய்விடாதே, அது வேறு.

நம் வீட்டு டைல்ஸ் தரையில் குட்டியை ஓட விடாதே. வழுக்கி வழுக்கிப் பின்கால் அகன்றுவிடும். அப்படி வளர்ந்தால் நடையில் அது தெரியும். விளையில் மண்ணிலும் புல்லிலும் தானாக ஓடட்டும். பைக்குக்குப் பின்னால் ஓட்டுவது, மாடிப்படி ஏற்றி இறக்குவதெல்லாம் ஒரு வயதுக்கு முன் கூடவே கூடாது, எலும்பு முற்றாது. அஞ்சாறு மாதத்தில் கால் மட்டும் நீண்டு, பின்பக்கம் உயர்ந்து, பார்க்கவே சகிக்காது. ஏமாந்துவிட்டோமோ என்று நினைப்பாய். எல்லாக் குட்டிக்கும் அந்தப் பருவம் உண்டு. அதை வைத்து முடிவு பண்ணாதே.

எங்கள் முதல் ஷோவைப் பற்றிக் கேட்டாய். இங்கே ஆறு மாதம் முடிந்தால்தான் போட்டியில் நிறுத்தலாம். ஆறு முதல் ஒன்பது மாதம் வரை மைனர் பப்பி, பன்னிரண்டு மாதம் வரை பப்பி என்று தனி வகுப்புகள். இன நாய்களைப் பதிவு செய்கிற அமைப்பான கென்னல் கிளப்பில் நாய் நம் பேரில் பதிவாகியிருக்க வேண்டும். நுழைவுக் கட்டணத்தையும் பல வாரத்துக்கு முன்பே கட்டிவிட வேண்டும். நாங்கள் போனது ஓபன் ஷோ என்கிற சின்ன வகை. போட்டி நடக்கிற வளையத்துக்குள் போகும் முன் கையில் நம்பர் கட்டிவிட்டார்கள். நடுவர் முல்லையிடம் கையை நீட்டி மோந்து பார்க்க விட்டார், வயது என்ன என்று மட்டும் என்னிடம் கேட்டார், பிறகு பேச்சே இல்லை. தலையிலிருந்து வால் நுனி வரை இரண்டு கையாலும் தடவிக்கொண்டே போனார். தோள் எலும்பு எவ்வளவு சாய்ந்திருக்கிறது, விலா எவ்வளவு ஆழம் என்று விரலால் அளக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அப்புறம் முக்கோணமாக ஒரு சுற்று, நேராகப் போய்த் திரும்பி வர ஒரு சுற்று. நாய் நம் இடப்பக்கம் ஓட வேண்டும், நடுவருக்கும் நாய்க்கும் நடுவே நாம் வரக் கூடாது. முல்லை பாதி வழியில் ஒரு துள்ளுத் துள்ளினாள். நடுவர் சிரித்தார், குட்டி வகுப்பில் அதை யாரும் தப்பாக எடுப்பதில்லை. மஞ்சள் ரிப்பன், மூன்றாம் இடம். இங்கே முதலுக்குச் சிவப்பு, இரண்டாவதுக்கு நீலம். பக்கத்து வீட்டுத் தாத்தா வேலியோரம் நின்று கை தட்டினார். அன்றைக்கு எனக்கு நம் வீட்டு ஆள் ஒருவர் வந்திருந்த மாதிரி இருந்தது, தம்பி.

நடுவர் ஒரு நாயை இன்னொரு நாயோடு மட்டும் ஒப்பிடுவதில்லை. அந்த இனம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்த இலக்கணம் ஒன்று உண்டு. அதற்கு எந்த நாய் நெருக்கம் என்றுதான் பார்க்கிறார். அதனால் நீ முதலில் சிப்பிப்பாறைக்கான இலக்கணத்தை வாங்கி வாசி. உன் குட்டியின் குறை என்ன என்று மற்றவர்களுக்கு முன்னால் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இனத்தில் சிறந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் தருகிற சேலஞ்ச் சர்டிபிகேட்டை இங்கே மூன்று வெவ்வேறு நடுவர்களிடம் வாங்கினால்தான் சாம்பியன். பேர்பெற்ற நாய்களோடு போட்டியிட்டு அதை வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. மார்ச்சில் பர்மிங்ஹாமில் நடக்கிற கிரஃப்ட்ஸை நான் பார்வையாளராகப் போய்ப் பார்த்தேன். 1891-இல் தொடங்கிய ஷோ அது, தகுதி பெற்ற நாய்கள்தான் அங்கே நிற்க முடியும். 2018-இல் ஒரு விப்பெட்தான் அங்கே மொத்தத்துக்கும் முதல் பரிசு வாங்கியது. அதைச் சொல்லும்போது தாத்தாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

உனக்கு அங்கே வேண்டியது கென்னல் கிளப் ஆஃப் இந்தியா பதிவும் மைக்ரோசிப்பும். அதன் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. சிப்பிப்பாறையும் கன்னியும் ராஜபாளையமும் கோம்பையும் அவர்கள் பட்டியலில் உண்டு. விற்றவர் பதிவுச் சான்றிதழ் தந்தாரா, வெறும் வாய்வார்த்தைதானா? இதை உடனே பார்த்துவிடு. குட்டியோடு போவதற்கு முன் ஒரு ஷோவுக்குச் சும்மா நீ மட்டும் போய்ப் பார். சென்னையிலும் நடக்கும், மே மாதம் ஊட்டியிலும் நடக்கும். வளையத்துக்கு வெளியே நாள் முழுக்க உட்கார்ந்து, நாட்டு நாய் வகுப்பில் யார் எப்படிக் கயிறு பிடிக்கிறார்கள் என்று கவனி. வகுப்பு முடிந்தபின் போய்ப் பேசு. உள்ளே போகும் பரபரப்பில் இருக்கிறவர்களிடம் கேட்காதே.

இன்னொன்று, இதில் எனக்குக் கோபமே வரும். காது மடங்கி நிற்கிறது, வெட்டிவிட்டால் எடுப்பாக இருக்கும் என்று யாராவது வந்து சொன்னால் கேட்காதே. நம் பக்கத்தில் வேட்டை நாய்க்கு அப்படிச் செய்கிற பழக்கம் உண்டு என்று எனக்கும் தெரியும். இங்கே அது குற்றம். வலியைத் தவிர அதனால் அந்தச் சீவனுக்கு ஒரு பிரயோசனமும் கிடையாது. குட்டி எப்படிப் பிறந்ததோ அப்படியே நிற்கட்டும்.

மாதம் ஒருதரம், ஒரே இடத்தில், பக்கவாட்டில் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. முட்டு போட்டு, கேமராவைக் குட்டியின் உயரத்துக்கு இறக்கி எடு, மேலிருந்து எடுத்தால் கால் குட்டையாகத் தெரியும். நான் தாத்தாவிடமும் காட்டி, அவர் சொல்வதை எழுதுகிறேன். மெலிசான ஷோ கயிறு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், டிசம்பரில் நம் ஊருக்கு வருகிற தோழி கையில் கொடுத்துவிடுகிறேன். அதற்குள் தடுப்பூசி அட்டையையும் பதிவுச் சான்றிதழையும் போட்டோ எடுத்து அனுப்பிவிடு. குட்டிக்கு இன்னும் பேர் வைக்கவில்லை என்றாயே, பதிவு பண்ணும் முன் வைத்துவிடு. அப்பாவிடமே கேள், அவருக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அன்புடன்,
உன் அக்கா