நெத்தலி குஞ்சு மீன் இல்லை

அன்பின் குகன்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கண்டியில் வேலை சரிவந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியேதான்.

நெத்தலி ஏதோ பெரிய மீனின் குஞ்சுதானே என்று கேட்டிருந்தாய். இல்லை மச்சான், அது வளர்ந்த மீன். எங்கள் சட்டிக்கு வருவதில் பல வகை 10 சென்டிமீட்டரைத் தாண்டுவதே இல்லை, ஆயுளும் ஏறக்குறைய ஒரு வருடம்தான். அதற்குள் சில மாதத்திலேயே சினைப்பட்டு, ஒரு தடவையோடு நிற்காமல் திரும்பத் திரும்ப முட்டையைக் கடல் தண்ணீரிலேயே விட்டுவிட்டுப் போய்விடும். கூடும் இல்லை, காவலும் இல்லை. அந்த முட்டை உருண்டையாக இராமல் நீள்வட்டமாக மிதக்கும், இரண்டு நாள் ஆகுமுன் பொரித்துவிடும்.

அடுத்த முறை நெத்தலி ஆயும்போது ஒன்றைக் கையில் எடுத்துப் பார். மூக்கு முன்னுக்கு நீண்டிருக்கும், வாய் அடியில், திறந்தால் கண்ணையும் தாண்டிப் பின்னால் கிழிந்து போகும். பக்கவாட்டில் வெள்ளிக் கோடு, விரல் பட்டாலே உதிரும் செதில். செவுளுக்குள் சீப்புப் பல் மாதிரி முட்கள் இருக்கும். வாயைத் திறந்தபடி நீந்தும்போது தண்ணீர் வெளியே போக, பிளாங்டன் என்கிற, தண்ணீரில் மிதக்கும் மிகச் சின்ன உயிர்கள் அதில் தங்கிவிடும்.

எங்கள் திருகோணமலையின் கொட்டியாரக் குடா அதற்கு ஏற்ற இடம். மாரியில் மகாவலி கலங்கி வந்து கொட்டும் சத்தில் பிளாங்டன் பெருகும், அதைத் தின்ன நெத்தலி, நெத்தலியைத் தின்னக் கீழே பாரை, மேலே ஆலாப் பறவை. ஆலாக் கூட்டம் ஓரிடத்தில் விழுந்து எழும்பினால் கரைவலைக்காரருக்கு அதுவே போதும்.

எனக்குக் கவலை என்னவென்றால், ஒரு வருட ஆயுள் மீனுக்குக் கையிருப்பு என்று ஒன்றும் இல்லை. ஒரு பருவம் முட்டை பொய்த்துவிட்டால் அதை ஈடுசெய்யப் பழைய மீன் கடலில் மிச்சம் இராது. அப்புறம், நெத்தலிக்கென்று போடும் சின்னக் கண் வலையின் மடியில் பாரைக் குஞ்சும் சேர்ந்து வருகிறது, நீ சொன்ன குஞ்சு உண்மையில் அதுதான். கரையில் கொட்டிப் பிரிக்கும்போது அது செத்துவிடும், வளரவிட்டால் எத்தனை கிலோ நிற்கும்! ஆற்று வாய்ப் பக்கம் குஞ்சு நிற்கும் மாதங்களில் வலை போடாமல் விட வேண்டும் என்பதுதான் என் எண்ணம், மீனவர் சங்கத்திலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சரி, நீ கேட்ட கருவாடு அடுத்த கிழமை வரும். உப்பு கொஞ்சம் கூட, நன்றாகக் கழுவிப் பொரி.

அன்புடன்,
சிவா