அம்மாவின் கைபேசியில் உங்கள் பணியாளர் ஏற்றிய சான்றிதழ் குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்
அனுப்புநர்: உங்கள் பிராட்பேண்ட் சந்தாதாரர், வடவள்ளி, கோயம்புத்தூர்

ஐயா / அம்மையீர்,

கடந்த மாதம் 12ஆம் தேதி எங்கள் வீட்டு ரவுட்டரை மாற்ற உங்கள் பணியாளர் வந்தார். வீட்டில் 68 வயதான என் அம்மா மட்டும் இருந்தார். வேலை முடிந்ததும், “இந்தப் பாதுகாப்புச் சான்றிதழைப் போட்டால்தான் நெட் வரும்” என்று சொல்லி அம்மாவின் கைபேசியை வாங்கியிருக்கிறார். திரையில் ஓர் எச்சரிக்கை வந்திருக்கிறது. அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிப்பதற்குள், “இது எல்லாருக்கும் வருவதுதான் அம்மா, பின் நம்பரை மட்டும் போடுங்கள்” என்று நீட்டினாராம். அம்மாவும் போட்டுவிட்டார்.

ஒரு தளம் உண்மையானதுதானா என்று கைபேசி டிஜிட்டல் சான்றிதழ்களை வைத்துத்தான் சரிபார்க்கிறது. இப்படி ஒருவருடைய சான்றிதழை ஏற்றிவிட்டால், அவர் எந்தத் தளத்தின் பெயரிலும் அடையாளம் கொடுத்து, நடுவில் நின்று தகவல்களைப் பார்க்க முடியும். ஆண்ட்ராய்டு 11 முதல் இத்தகைய சான்றிதழைச் சாதாரணச் செயலி எதுவும் கேட்டு ஏற்றிவிட முடியாது. கைபேசிக்கு உரியவரே அமைப்புகளுக்குள் தேடிப் போய், தன் தகவல்கள் இனி அந்தரங்கமாக இருக்காது என்ற எச்சரிக்கையைப் பார்த்த பிறகும் சம்மதித்தால்தான் அது ஏறும். நின்று யோசிக்கட்டும் என்று வைத்த தடை அது. அதைப் படிக்கக்கூட நீங்கள் என் அம்மாவை விடவில்லை.

மறுநாளே அவருடைய வங்கிச் செயலி இணைய மறுத்தது. உங்கள் உதவி மையத்தை அழைத்தபோது, “செயலியை விடுங்கள், பிரவுசரில் போங்கள்” என்றார்கள். என்னை மிகவும் கொதிக்க வைத்தது இந்த யோசனைதான். ஆண்ட்ராய்டு 7.0 முதல், பயனர் தனியாகச் சேர்த்த சான்றிதழைச் செயலிகள் இயல்பாக நம்புவதில்லை. குரோம் போன்ற பிரவுசர் நம்பிவிடும். செயலி தன் வேலையைச் சரியாகச் செய்து கதவை மூடியது. நீங்கள் அம்மாவைத் திறந்த கதவு வழியாக அனுப்பினீர்கள்.

பத்து நாள் கழித்து ஊருக்கு வந்த நான், அவர் கைபேசியில் ‘நெட்வொர்க் கண்காணிக்கப்படலாம்’ என்ற அறிவிப்பைப் பார்த்தேன். அம்மா ஓய்வூதியம் பார்க்கும் வங்கித் தளத்தைத் திறந்து, சான்றிதழ் விவரத்தைத் தொட்டேன். வழங்கியவர் என்ற இடத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயர். வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் அதே பக்கத்தைத் திறந்தேன். அங்கே முறையான சான்றிதழ் நிறுவனத்தின் பெயர் இருந்தது. ஒட்டிய உறையை வழியில் பிரித்து, உள்ளே இருப்பதைப் பார்த்து, உங்கள் முத்திரையைக் குத்தி மறுபடி ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள். அந்த உறைக்குள் அம்மாவின் கடவுச்சொல்லும் இருந்தது.

அமைப்புகளுக்குள் ‘பயனர்’ பிரிவில் இருந்த அந்தச் சான்றிதழை நீக்கினேன். உடனே, உங்கள் வைஃபையில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்ற எச்சரிக்கையே வருகிறது. கேட்டால், வைரஸைத் தடுக்கும் வசதி, திரும்ப ஏற்றுங்கள் என்கிறார்கள். 2019இல் கஜகஸ்தான் அரசு தன் மக்களிடம் இதே போன்ற சான்றிதழை ஏற்றச் சொன்னபோது, கூகுள், ஆப்பிள், மொசில்லா மூன்றும் அதைத் தங்கள் பிரவுசர்களில் முடக்கின. ஓர் அரசுக்கே ஒப்பாத காரியத்தை, மாதக் கட்டணம் வாங்கும் நீங்கள் எங்கள் வீட்டுக் கூடத்தில் செய்திருக்கிறீர்கள்.

12ஆம் தேதி முதல் எந்தெந்தத் தளங்களின் போக்குவரத்தைப் பிரித்தீர்கள், எதைச் சேமித்தீர்கள், யார் பார்த்தார்கள் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். சேமித்ததை அழித்து, அழித்ததையும் எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். எங்கள் இணைப்பில் இந்த இடைமறிப்பை நிறுத்துங்கள். இந்த மாதக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்கள். இதே பணியாளர் எங்கள் தெருவில் இன்னும் பல வீடுகளுக்குப் போயிருக்கிறார். அங்கே தனியாக இருக்கும் முதியவர்களுக்கும் நீங்களே தகவல் சொல்லி, சான்றிதழை நீக்கித் தர வேண்டும்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்கீழ் சேவைக் குறைபாடு என மாவட்ட ஆணையத்தில் மனு கொடுப்பேன். இரண்டு சான்றிதழ்களின் ஸ்கிரீன்ஷாட்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். அம்மா வங்கிக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார். உங்கள் வைஃபையை இன்னும் அணைத்தே வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்