ஞாயிறு குதிரைச் சவாரி: தன்னார்வலர்கள் கவனத்துக்கு

வணக்கம். டெக்சாஸ், டிகேட்டர் அருகே எல்.பி.ஜே. தேசியப் புல்வெளியில் நாம் நடத்தும் நிதி திரட்டும் சவாரி இந்த ஞாயிறு. நம்மில் பாதிப் பேர் குதிரையைத் தொட்டதுகூட இல்லை. பரவாயில்லை, நம் வேலை தரையில்தான்.

சனி காலை 7 மணிக்குப் பாதையில் ரிப்பன் மாட்டுகிறோம். முடிச்சு வேண்டாம். துணி கிளிப்பில் கோத்து வைத்திருக்கிறேன், கிளையில் கவ்வவிட்டால் போதும், கழற்றுவதும் சுலபம். எப்போதும் வலப்பக்கம், குதிரைமேல் இருப்பவர் கண்ணில் படும் உயரத்தில். திருப்பத்துக்கு முன் 3, திரும்பியதும் 1. போன வருஷம் நான் ஒன்றை இடப்பக்கம் மாட்டி, ஆறு பேர் முள்வேலி வரை போய்த் திரும்பினார்கள். கிண்டல் இன்னும் ஓயவில்லை. தாழ்ந்த கிளைகளை வெட்டாதீர்கள், அரசு நிலம். இங்கே படம் போடுங்கள், எச்சரிக்கை அட்டை வைப்போம்.

ஞாயிறு காலை வாசலில் இருவர் தேவை. ஒவ்வொரு குதிரைக்கும் காகின்ஸ் இரத்தப் பரிசோதனைச் சான்று (குதிரைகளுக்கு வரும் தொற்று இரத்தசோகை நோய் இல்லை என்பதற்கு) பார்க்க வேண்டும், 12 மாதத்துக்குள் எடுத்ததாக. இல்லையென்றால் டிரெய்லரிலிருந்து இறக்கவே விடாதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

அப்புறம் தண்ணீர். ஒரு குதிரை நாளுக்கு 20 முதல் 40 லிட்டர் குடிக்கும், வெயிலில் இன்னும் கூடும். தொட்டி நிரப்ப பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

வாலில் சிவப்பு ரிப்பன் கட்டிய குதிரை உதைக்கும். பின்னால் போகாதீர்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

மதியம் புளியோதரையும் தயிர் சாதமும். யார் எந்த வேலைக்கு என்று வியாழன் இரவுக்குள் இங்கேயே பெயர் போடுங்கள்.