கார்பன் சீல் இல்லாமல் வந்த டி3 டேர்போ பற்றிய புகார்

பெறுநர்: முகாமையாளர், பாவித்த உதிரிப்பாகப் பிரிவு, கொழும்பு
அனுப்புநர்: வாகனத் திருத்தகம், கிளிநொச்சி

மதிப்புக்குரிய ஐயா,

தொலைபேசியில் சொல்லிச் சொல்லி வாய் உளைந்துவிட்டது. இனி எழுத்தில்தான். எஞ்சினின் கழிவுப் புகையால் சுழன்று காற்றை உள்ளே அமுக்கித் தள்ளுகிற டேர்போவை விற்கிற உங்களுக்கு, அதற்குள் என்ன இருக்கிறது என்று விளக்க வேண்டி வரும் என நான் நினைத்திருக்கவில்லை.

ஓடர் கொடுத்தபோதே எழுதித் தந்திருந்தோம். வாகனம் டட்சன் 280சி. எஞ்சின் எல்28, ஆறு சிலிண்டர், 2753 சீசீ. பெற்றோலைக் காற்றோடு கலக்கிற இரண்டு அங்குல எஸ்யூ காபரேற்றர் ஒன்று டேர்போவுக்கு முன்னால் வரும். ஆகவே காற்றை அமுக்குகிற கொம்பிரசர் பக்கம், ஒயில் கசியாமல் தடுக்கிற கார்பன் சீல் கட்டாயம். பூஸ்ட், அதாவது டேர்போ ஏற்றுகிற காற்றழுத்தம், ஆறு பிஎஸ்ஐக்கு மேல் போகக்கூடாது. கார்பன் சீல் என்ற இடத்தில் இரண்டு கோடும் கீறியிருந்தோம். உங்கள் பற்றுச்சீட்டிலும் அது அப்படியே இருக்கிறது. பெட்டிக்குள் வந்த சாமானில்தான் இல்லை.

கொம்பிரசர் கூட்டைக் கழற்றி, பலன்ஸ் பிழைக்காமலிருக்கத் தண்டிலும் நட்டிலும் சில்லிலும் ஒரே கோட்டில் அடையாளம் கீறிவிட்டுத்தான் சில்லை எடுத்தோம். உள்ளே இருந்தது சாதாரண பிஸ்டன் ரிங் சீல். இலக்கத் தகடும் இல்லை, அது இருந்த ரிவெற் ஓட்டைகள் மட்டும் மிச்சம். டீசலில் ஓடியது என்று எங்களுக்கு விளங்கியது. டீசலுக்கு அந்த ரிங் போதும். பழைய டேர்போ டீசல் எஞ்சினில் பெரும்பாலும் காற்றை மூடித் திறக்கிற திரொட்டில் தகடு இல்லை, கொம்பிரசருக்குள் பெரிய வக்கியூம் வராது. எங்களுடையதில் காபரேற்றர் முன்னால். ஐட்லில் தகடு மூடியவுடன் எஞ்சின் இழுக்கிற, பாதரச அளவில் 18 அங்குல வக்கியூம் அப்படியே கொம்பிரசர் கூட்டுக்குள் வரும். ரிங்கில் எப்போதும் இடைவெளி உண்டு. பெயாரிங் பக்கத்து ஒயிலை அந்த வக்கியூம் அதனூடாக உறிஞ்சி, எஞ்சினுக்குக் காற்றுப் போகிற மனிபோல்ட்டுக்குள் தள்ளும். கார்பன் சீல் முகத்தோடு முகம் அழுத்திக்கொண்டு நிற்பதால் அதைத் தடுக்கும். காபரேற்றரை முன்னால் வைக்கிற வேலைக்கு வேறு வழியே கிடையாது.

இதைத்தான் உங்கள் வவுனியாக் கிளை அலுவலருக்குச் சொன்னேன். அவர் தந்த பதில்: "அண்ணை, டேர்போ எல்லாம் ஒண்டுதான். வன்னிக்குள்ள இருந்துகொண்டு டேர்போ பூட்ட வெளிக்கிட்டா இப்பிடித்தான்."

வன்னி என்றால் என்ன ஐயா? இங்கே உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் திருத்துகிற கைகளுக்கு ஒரு ரிங் சீலை இனங்காணத் தெரியாதா? ஆறு சிலிண்டர் பழைய காருக்கு டேர்போ சரிவராது என்றும் ஒரு விரிவுரை தந்தார். நிசான் 1979இலேயே செட்ரிக் காருக்கு எல்20 எஞ்சினில் டேர்போ பூட்டி விற்றது. அதன் பிறகு 280இசட்எக்ஸில் இதே எல்28க்கு இதே டி3 வகை டேர்போ வந்தது, கொம்பிரஷன் 7.4க்கு ஒன்று. எங்களுடையது எட்டுக்கு மேல், பூஸ்ட் கூடினால் தாங்காது என்பதால்தான் ஆறு பிஎஸ்ஐ என்று எல்லை கட்டினோம். டேர்போ விற்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

குளிர்விக்கும் தண்ணீர்க் குழாயான வோட்டர் லைன் பூட்டாததால்தான் சீல் எரிந்தது என்று அடுத்த நாள் ஒரு கதை. நீங்கள் அனுப்பிய கூட்டில் வோட்டர் லைனுக்கு ஓட்டையே இல்லை! அது ஒயிலால் மட்டும் குளிர்கிற வகை. அமுக்கிய காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலர் போட்டால் எல்லாம் சரிவரும் என்றும் சொன்னார். காபரேற்றர் முன்னால் இருந்தால் இன்டர்கூலருக்குள் போவது காற்று மட்டுமல்ல, பெற்றோல் கலந்த காற்று. அது குளிர்ந்து அடியில் தேங்கும், எஞ்சினிலிருந்து தீ பின்னால் அடிக்கிற பக்பயர் ஒன்று வந்தால் வெடிக்கும். தயவுசெய்து இந்த ஆலோசனையை வேறு யாருக்கும் சொல்ல விடாதீர்கள்.

ஒயில் வடிகால் பிழை என்று இனி எழுதுவீர்கள், தெரியும். வடிகால் குழாயின் உள்விட்டம் 19 மில்லிமீற்றர். மேலிருந்து கீழே முழுக்கச் சரிவு, எங்கும் வளைந்து தொங்கவில்லை. எஞ்சினின் அடித்தொட்டியான சம்பில் ஒயில் மட்டத்துக்கு மேலே சேர்கிறது. படங்கள் அனுப்பியிருந்தோம், பார்த்தீர்களோ தெரியாது.

பெரிய அநியாயம் வவுனியாவுக்குத் திரும்ப அனுப்பியபோது நடந்தது. கொழும்பில் திறந்து திருத்தியதாகச் சொல்லி அனுப்பினீர்கள். பெட்டியைப் பிரித்தால் உள்ளே அதே ரிங் சீல்! நாங்கள் கீறிய அடையாளம் மூன்றும் மூன்று திசையில். பலன்ஸ் பார்த்த சீட்டு எதுவும் இல்லை. லட்சம் ஆர்பிஎம் தாண்டிச் சுழல்கிற தண்டு ஐயா அது. ஒயில் உள்ளே போகிற பிளாஞ்சில் சிலிக்கன் பசை பூசியிருந்தது. அந்தப் பசை பிய்ந்து உள்ளே போனால் பெயாரிங்கின் ஒயில் ஓட்டையை அடைக்கும், டேர்போ அன்றைக்கே முடிந்தது. அங்கே உலோகக் காஸ்கற் போட வேண்டும். டயல் கேஜ் வைத்துப் பார்த்தோம். தண்டு முன்பின்னாக 0.3 மில்லிமீற்றர் ஆடுகிறது. 0.1க்குள் இருக்க வேண்டியது.

பூஸ்ட் எல்லை தாண்டாமல் புகையைத் திருப்பிவிடுகிற வேஸ்ட்கேற்றைச் சொல்ல மறந்துவிட்டேன். ஆறு பிஎஸ்ஐயில் திறக்கும் என்று எழுதித் தந்தீர்கள். அதைத் திறக்கிற அக்சுவேற்றருக்குச் சைக்கிள் பம்பும் கேஜும் பிடித்து அடித்தோம். 12 வரை தண்டு அசையவே இல்லை. இங்கே கிடைக்கிற 92 ஒக்ரேன் பெற்றோலில், இன்டர்கூலர் இல்லாமல், 12 பிஎஸ்ஐ போனால் கலவை கண்டபடி வெடித்து எஞ்சின் நொக் அடித்து, பிஸ்டனில் ரிங்கைத் தாங்குகிற ரிங் லாண்ட் உடையும். மேசையில் வைத்துப் பார்த்ததால் எஞ்சின் தப்பியது. உங்களால் தப்பவில்லை.

முதல் சாமானை ஓட விட்டுப் பார்த்ததில் ஆறு பிளக்கும் கரி, சைலன்சர் முழுக்க ஒயில், காபரேற்றர் பொருத்துகிற தகடும் பன்னிரண்டு மில்லிமீற்றர் பிளாஞ்சும் வெட்டிய கூலி வீண். நீலப் புகை இரணைமடுக் குளம் வான் பாய்கிற மாதிரிப் பின்னால் பாய்ந்தது. கார்க்காரர் காலபோக நெல் விற்ற காசைத்தான் இதில் போட்டார். அவருக்கு ஒரு போகமே போய்விட்டது என்று சொன்னால் அது மிகையல்ல.

உங்களோடு பகைக்க விருப்பமில்லை. நல்ல சாமானும் உங்களிடம் இருப்பது தெரியும். ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, விற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரியும். அந்த நாள் கழியட்டும் என்றுதான் இழுக்கிறீர்களோ என்று இப்போது சந்தேகம் வருகிறது. அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்க ஒரு நிமிடம் போதும். முறைப்பாட்டுப் பத்திரம் நிரப்பி வைத்தாயிற்று.

ஒன்றில், கொம்பிரசர் பக்கம் கார்பன் சீல் போட்டு, பலன்ஸ் சீட்டும் ஆறு பிஎஸ்ஐ அக்சுவேற்றரும் சேர்த்து அனுப்புங்கள். அல்லது முழுக் காசையும் பஸ் பார்சல் கூலியோடு திருப்பித் தாருங்கள். அனுப்புவதானால் ஒயில் ஓட்டைகளைப் பிளாஸ்டிக் மூடியால் மூடி அனுப்பவும். போன தடவை துணித்துண்டு அடைத்திருந்தது, அதன் நூல் உள்ளே போயிருந்தது.

வவுனியா அலுவலர் இனி அழைத்தால் நான் எடுக்கமாட்டேன். சீல் எது, ரிங் எது என்று தெரிந்த ஒருவரைக் கொழும்பிலிருந்து அழைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
திருத்தகப் பொறுப்பாளர்
கிளிநொச்சி