இரண்டு மொழி, இரண்டு பொருளடக்கம்

கிளிநொச்சி

அன்பின் மச்சான்,

நாங்கள் நலம். உன் சுகமும் பிள்ளைகளின் படிப்பும் என்ன மாதிரி? இங்கே காலபோகத்துக்கு உழுதுவிட்டு எல்லாரும் மழையைப் பார்த்திருக்கிறார்கள். அம்மாவின் முழங்கால் நோ குறைந்திருக்கிறது. போன கிழமை முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு வந்தார்.

பாடசாலை மலர் பற்றி எழுதியிருந்தாய். தமிழ்த் தலைப்பு, ஆங்கிலத் தலைப்பு எல்லாவற்றையும் வேர்ட் மென்பொருள் ஒரே பொருளடக்கத்தில் கலந்துவிடுகிறது என்றாய். நானும் இப்போது அதே வேலையில்தான் இருக்கிறேன். எங்கள் கமக்கார அமைப்பு குளங்கள், வாய்க்கால்கள், தண்ணீர் திறக்கும் துருசுகள் பற்றி ஒரு அறிக்கை தயாரிக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் தமிழ்த் தலைப்பு மேலே, ஆங்கிலத் தலைப்பு கீழே. கூட்டத்தில் அதைப் புரட்டப்போகிற பெரியவர்கள் தமிழ் மட்டும் வாசிப்பவர்கள். உதவி தரக்கூடிய நிறுவனங்களில் இருப்பவர்கள் ஆங்கிலம் மட்டும் பார்ப்பார்கள். கலந்த பட்டியலில் இரண்டு பகுதியினரும் தங்களுக்கு வேண்டாத வரிகளைத் தாண்டித் தாண்டித் தேட வேண்டும். எழுபது வயது ஐயா ஒருவர் தன் குளத்தின் பெயரைத் தேடி விரலை ஓட்டும்போது இடையிடையே ஆங்கிலம் குறுக்கிடக் கூடாது என்பது எனக்கு முக்கியம். இரணைமடுக் குளத்தில் இருந்து இடதுகரைக்கும் வலதுகரைக்கும் வெவ்வேறு வாய்க்கால் போவதுபோல, ஆவணம் ஒன்றாக இருந்தாலும் பொருளடக்கம் இரண்டாகப் பிரியட்டும்.

வழி இதுதான். வேர்ட் எந்த மொழி என்று பார்த்துத் தலைப்பைப் பொறுக்குவதில்லை, ஸ்டைலை, அதாவது பந்திக்கு நாம் பெயர் வைத்துக் கொடுக்கும் தோற்ற அமைப்பைப் பார்த்துத்தான் பொறுக்குகிறது. அதனால் 'தமிழ்த் தலைப்பு 1', 'தமிழ்த் தலைப்பு 2' என்று இரண்டு ஸ்டைல், ஆங்கிலத்துக்கும் அதேபோல இரண்டு ஸ்டைல் உருவாக்கு. பெயருக்குள் கமா போடாதே, பிறகு பொருளடக்கத்தை உருவாக்கும் உள்குறியீடு குழம்பும். தமிழ்த் தலைப்புக்கு அடுத்த பந்தியின் ஸ்டைல் ஆங்கிலத் தலைப்பு என்று வைத்துவிட்டால் என்டர் தட்டியதும் அது தானாக வரும். 'அடுத்ததோடு சேர்ந்திரு' என்ற தெரிவையும் போட்டுவிடு. இல்லாவிட்டால் தமிழ் ஒரு பக்கத்தின் அடியிலும் ஆங்கிலம் மறுபக்கத்தின் தலையிலும் நிற்கும்.

அப்புறம் ரெபரன்ஸ் பகுதியில் கஸ்டம் பொருளடக்கம், அதற்குள் ஒப்ஷன்ஸ். அங்கே வழக்கமான ஹெடிங் 1, 2, 3 இற்கு எதிரே இருக்கும் மட்ட எண்களை அழித்துவிட்டுத் தமிழ் ஸ்டைல்களுக்கு எதிரே மட்டும் 1, 2 என்று போடு. கீழே 'அவுட்லைன் லெவல்' என்று ஒரு பெட்டி இருக்கும், அதன் சரி அடையாளத்தை எடுத்துவிடு. உன் ஸ்டைல்கள் ஹெடிங் 1 இல் இருந்து பிறந்தவை என்றால் அதன் மட்டத்தையும் கூடவே கொண்டுவரும். அந்தப் பெட்டி தெரிவாகி இருந்தால் ஆங்கிலத் தலைப்பு திரும்பவும் தமிழ்ப் பட்டியலுக்குள் வந்து உட்காரும். உன்னுடைய கோப்பில் நடப்பது அனேகமாக இதுதான்.

இரண்டாவதைச் செருகும்போது பழையதை மாற்றவா என்று கேட்கும். 'இல்லை' என்று சொல். ஆங்கில ஸ்டைல்களுக்கு 1, 2 என்று போடாமல் 4, 5 என்று போட்டால் இன்னும் நல்லது. பொருளடக்க வரிகளின் தோற்றம் மட்டத்தைப் பொறுத்தது. இரண்டு பட்டியலுக்கும் ஒரே மட்டம் கொடுத்தால் ஒன்றின் இடைவெளியை மாற்றும்போது மற்றதும் மாறும். வேர்ட்டில் மொத்தம் 9 மட்டங்கள் இருப்பதால், சிங்களமும் வேண்டும் என்று அதிபர் சொன்னால் அதற்கு 7 இல் இருந்து தொடங்கலாம், மூன்று மொழிக்கும் மூன்று மூன்றாக வரும். இரண்டு தலைப்பும் ஒரே வரியில் வேண்டுமானால் இடையில் கொன்ட்ரோல், ஓல்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்து. ஒரு வரிக்குள் இரண்டு பந்தி ஸ்டைலை அது அனுமதிக்கும்.

நீ அனுப்பிய மாதிரிப் பக்கத்தில் பழைய கட்டுரைகள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தன. பாமினியில் நாம் தமிழாகப் பார்ப்பது உள்ளே ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். தலைப்பு பொருளடக்கத்துக்குப் போகும்போது அங்குள்ள எழுத்துருவை எடுத்துக்கொள்ளும், உடனே அந்த ஆங்கில எழுத்துகள் வெளியே தெரியும். ஒவ்வொரு வரியாக எழுத்துரு மாற்றிச் சமாளிக்காதே, புதுப்பித்தால் அது கலைந்துபோகக்கூடும். எல்லாவற்றையும் யுனிகோடுக்கு, அதாவது தமிழைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறைக்கு மாற்று. அது மலருக்கு மட்டும் செய்யும் வேலை இல்லை, மச்சான். நாளைக்கு உன் மாணவன் ஒருவன் தன் ஊரின் பெயரைத் தேடினால் யுனிகோடில் இருப்பதுதான் கிடைக்கும். எங்களுடைய எத்தனையோ எழுத்து காகிதமாக அழிந்தது. இருக்கிறதையாவது தேடி எடுக்கக்கூடியதாக வைப்போம்.

யுனிகோடில் வந்த பிறகு இன்னொரு சுகம் உண்டு. வேர்ட் தமிழைக் கொம்பிளெக்ஸ் ஸ்கிரிப்ட் (சிக்கலான எழுத்துமுறை) என்று தனியாக நடத்துகிறது. ஒரு ஸ்டைலுக்குள்ளேயே தமிழுக்கு லதா அல்லது நிர்மலா எழுத்துருவும், ஆங்கிலத்துக்கு வேறொன்றும் கொடுக்கலாம், அளவையும் தனித்தனியாக வைக்கலாம்.

மச்சினன் ஜேர்மனியில் இருந்து கொண்டுவந்த லப்டொப்பில் வேலை செய்வதாகச் சொன்னாய். அதில் விண்டோசின் பட்டியல் பிரிப்பான், அதாவது பட்டியலில் ஒன்றையொன்று பிரிக்கும் குறி, அரைப்புள்ளியாக இருக்கக்கூடும். இங்கே கமாவோடு செய்த கோப்பை அதில் புதுப்பித்தால் பொருளடக்கத்துக்கு ஒன்றும் இல்லை என்று பிழை வரலாம். பயப்படாதே, ஓல்டும் எப் 9 உம் அழுத்திக் குறியீட்டைத் திற. ஸ்டைல் பெயர்களுக்கு இடையே உள்ள கமாக்களை அரைப்புள்ளியாக மாற்றினால் சரி. கடைசியாக எல்லாவற்றையும் தெரிவுசெய்து எப் 9 அடித்து, முழுப் பட்டியலையும் புதுப்பிக்கச் சொல். பக்க எண்ணை மட்டும் புதுப்பித்தால் திருத்திய தலைப்புகள் பழையபடியே நிற்கும்.

அச்சுக்குக் கொடுக்க முதல் கோப்பை எனக்கு ஒருக்கால் அனுப்பு, இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். தைப்பொங்கலுக்கு வீட்டோடு வருவதாகச் சொன்னாய், அது நிச்சயம்தானா? அம்மா இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்.

அன்புடன்,
உன் நண்பன்