இரண்டு ழகரம்

கும்பகோணம்

அன்புள்ள ராஜு,

உன் கடிதம் வந்து இருபது நாளாயிற்று. நடவு முடிந்தும் பதில் போடாததற்குக் காரணம் உங்கள் குடும்பத் தொழிலான அச்சுத்தான். கேள்.

அப்பாவுக்குச் சதாபிஷேகம், திருக்கடையூரில். பத்திரிகை அடிக்கும் பொறுப்பு என் தலையில். அம்மா பெட்டியைத் துழாவி, 1971இல் அடித்த அவர்கள் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக் கொடுத்து, "இதே எழுத்தில் அடிச்சுடு" என்றாள். மூலையில் தடவிய மஞ்சள் இன்னும் இருக்கிறது.

டி.டி.பி. பையன், "ஃபான்ட் பேர் சொல்லுங்க சார், போட்டுடலாம்" என்றான். பேர் தெரிந்தால் நான் ஏன் அலைகிறேன்? படத்தைக் கொடுத்தால் எழுத்துருவின் பெயரைச் சொல்லும் தளம் ஒன்றில் ஏற்றினேன். வரிசையாக ஆங்கில எழுத்துருக்களைக் காட்டியது. தன் இருப்பில் உள்ள வடிவங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அதன் வேலை. இருப்பில் தமிழ் இல்லையென்றால் பாவம், அது என்ன செய்யும்?

சரி, நாமே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில், கோணாமல், ஒரு வரியை மட்டும் பெரிதாகப் படம் எடுத்தேன். லதா, விஜயா, பாமினி என்று கம்ப்யூட்டரில் இருந்த ஒவ்வொன்றிலும் அதே வரியைத் தட்டிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ட, ப எல்லாம் எதிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அகரத்தின் வயிறு, ணகரத்தின் சுழி, ழகரத்தின் வால், இங்கேதான் ஆள் யாரென்று தெரியும். ஒன்றும் பொருந்தவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். 'திருமண அழைப்பிதழ்' என்பதில் ழ இரண்டு முறை வருகிறதல்லவா? ஒன்றின் வால் சுருண்டிருக்கிறது, மற்றது நீண்டு கிடக்கிறது. மை பரவினால் எழுத்து தடிக்கும், வால் நீளாது. தலைப்பு எழுத்துருவே இல்லை, ராஜு! யாரோ ஓவியர் கையால் எழுதி, அதை அப்படியே அச்சுக்கட்டையாக, அதாவது பிளாக் எடுத்து அடித்திருக்கிறார்கள். மூன்று நாளாக இல்லாத பெயரைத் தேடியிருக்கிறேன்.

கீழே உள்ள விவரம் ஈய எழுத்துதான். மேலே 'துணை', உள்ளே 'காலை', இரண்டிலும் ணை, லை எழுத்துகளுக்கு யானைத் தும்பிக்கைபோல் வளைத்துப் போடும் அந்தப் பழைய வடிவம். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போடும் முன் அடித்ததாயிற்றே. கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் பழைய லைக்குத் தனி இடம் கிடையாது. எழுத்துரு செய்தவர் வரைந்து வைத்திருந்தால் உண்டு.

மண்டபம் பேசப் போன அன்று தரங்கம்பாடி வரை போய் வந்தேன். அங்கே அச்சகம் நடத்திய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு காலத்தில் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்து பெரிதாக இருந்ததால், அங்கேயே சின்னதாக வார்த்து, 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்களாம். எனக்கு உன் அப்பாவின் அச்சகம்தான் ஞாபகம் வந்தது. லீவு நாளில் எழுத்துப் பிரித்துப் போடச் சொல்வார். ணகரத்தை னகர அறையில் போட்டு இருவரும் வாங்கிய குட்டு!

தலைப்பை ஸ்கேன் செய்து படமாகவே வைத்துவிடப் போகிறேன். விவரத்துக்குத்தான் நீ வேண்டும். உங்கள் ஊர் வீட்டுப் பரணில் அந்தக் கேஸ்கள், அதான் ஈய எழுத்து வைக்கும் அறைப் பெட்டிகள், இன்னும் இருக்கின்றனவா? ஒரு லையும் ஒரு ணையும் கிடைத்தால் போதும், மை தடவிக் காகிதத்தில் ஒற்றி எடுத்துக்கொள்வேன். சாவி யாரிடம் இருக்கிறதென்று உடனே எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்